தோலும் நூலும்

நுழையும்முன்

ஏப்ரல் திங்களில் புதிய வகுப்புத் தொடங்கும்போது நம்மில் பலர் புதிய புத்தகப்பையும் வாங்குகிறோம். ஆண்டு முடிவதற்குள் அதன் ஜிப் பழுதாகிறது; தோள்பட்டைத் தையல் பிரிகிறது. தைத்துக்கொள்ள எண்ணாமல் வேறொரு பையை வாங்குகிறோம். பழங்காலத்து மனிதர்கள் தம் பைகளை எப்படிச் செய்தார்கள்? எதனால் தைத்தார்கள்? அவர்களுடைய முறையை இன்றும் கையாளும் கைவினைஞர்கள் நம் நாட்டில் எங்கெங்கே வாழ்கிறார்கள்? இவற்றை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

பனியில் கிடைத்த பை

1991ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள். இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே உள்ள ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், 3,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், மலையேற்றத்துக்குச் சென்ற இருவர் உருகிய பனிக்கிடையே ஒரு மனித உடலைக் கண்டனர். அண்மையில் இறந்த எவரோ ஒருவரின் உடல் என்றே முதலில் கருதினர். ஆய்ந்து பார்த்தபோது, அவர் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்பது தெரியவந்தது. ஓட்சி என்று பெயரிடப்பட்ட அம்மனிதரும் அவருடைய உடைமைகளும் இன்று இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஓட்சியின் இடுப்பில் கன்றின் தோலால் செய்த இடைவார் ஒன்று இருந்தது. அந்த வாரிலேயே ஒரு சிறு பை தைத்து இணைக்கப்பட்டிருந்தது. பைக்குள் தீக்கல்லால் செய்த சிறு கருவிகளும், தீ மூட்ட உதவும் உலர்ந்த காளானும், எலும்பாலான குத்தூசி ஒன்றும் இருந்தன. தோலில் துளையிட உதவுவது குத்தூசி. அவருடைய மேலாடையில் கிழிந்த சில இடங்கள் புல்லிழையால் தைக்கப்பட்டிருந்தன. வழியில் ஏதேனும் கிழிந்தால் தைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் அவர் மலை ஏறியிருக்கிறார்.

பையும் வாரும் ஒன்றாகவே இருந்ததைக் கவனியுங்கள். பழங்கால ஆடைகளில் இன்றுள்ளதுபோல் பை வைத்துத் தைக்கும் வழக்கம் இல்லை. கையை வேலைக்கு விட்டுவிட்டு, வேண்டிய பொருளை உடலோடு கொண்டுசெல்ல இடுப்பே ஏற்ற இடமாயிற்று. ஆகவே இடையில் கட்டும் வாரும், அதில் தொங்கும் பையும் உடன்பிறப்புகளாக வளர்ந்தன. உங்கள் பாட்டியோ, பாட்டியின் அம்மாவோ ஊரில் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். அது துணியால் ஆனது. ஆனால் அதன் பயன் இதுவே.

தோல் பதமாகும் விதம்

விலங்கின் தோலை அப்படியே விட்டால் ஈரத்தில் அழுகிவிடும். வெயிலில் உலர்த்தினால் பலகைபோல் விறைத்துவிடும். அழுகாமலும் விறைக்காமலும் அதை ஆக்குவதையே பதனிடுதல் என்கிறோம். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. சில மரப்பட்டைகளிலும் காய்களிலும் துவர்ப்புச் சுவை தரும் டானின் என்னும் பொருள் உள்ளது. வாழைப்பூவை நறுக்கும்போது விரல்களில் கறையாகப் படிவதும், கடுக்காயைக் கடித்தால் நாவைப் பிடிப்பதும் இத்துவர்ப்பே. பட்டையை ஊறவைத்த நீரில் தோலை இட்டால் டானின் மெல்ல உட்புகுந்து புரத இழைகளைப் பற்றிக்கொள்கிறது. பிறகு நுண்ணுயிரிகளால் அவ்விழைகளை எளிதில் சிதைக்க இயலாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஆவாரம்பட்டை பெரிதும் பயன்பட்டது. வடஇந்தியாவில் கருவேலம்பட்டை பயன்பட்டது. கடுக்காய் இரு பகுதிகளிலும் பயன்பட்டது. முதலில் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து முடியையும் ஒட்டியிருக்கும் தசையையும் நீக்குவர். பின்னர்ச் சுண்ணாம்பு போகக் கழுவிப் பட்டைநீரில் இடுவர். நம் நாட்டுச் சிற்றூர்களில் வியப்பான ஒரு முறையும் இருந்தது. தோலின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்து அதையே ஒரு பையாக்குவர். அதைக் கம்பத்தில் தொங்கவிட்டு உள்ளே பட்டையையும் நீரையும் நிரப்புவர். நீர் தோலின் நுண்துளைகள் வழியே கசிந்து கீழே சொட்டும். சொட்டிய நீரை மீண்டும் எடுத்து ஊற்றுவர். பதனிடப்படும் பொருளே பதனிடும் கலமாகவும் ஆகிவிடுகிறது.

இம்முறைக்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறை கண்டறியப்பட்டது. அது ஓரிரு நாள்களில் முடிந்துவிடும். கிடைக்கும் தோலும் மென்மையாக இருக்கும். இன்று உலகில் பயன்படும் தோலில் பெரும்பகுதி இவ்வாறு பதனிடப்படுவதே.

ஆனால், வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. தமிழ்நாட்டில் பாலாற்றங்கரையில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் தொழிலால் புகழ்பெற்றவை. அங்குள்ள ஆலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. இது குறித்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சுற்றுச்சூழலை மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பட்டைநீரும் அப்படியே ஆற்றில் விடத்தக்கது அன்று. அதையும் தூய்மைசெய்தே வெளியேற்ற வேண்டும். தோலைத் தூய வழியில் பதனிடுவது எப்படி என்பது, 1948ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று.

துளைகள் சொல்லும் செய்தி

பழைய பைகளையும் வார்களையும் பார்த்து அவை போலவே இன்று செய்ய விரும்பும் கைவினைஞர்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளனர். அவர்கள் முதலில் நாடுவது அருங்காட்சியகங்களையே. இங்கிலாந்தின் வடபகுதியில் விண்டோலாந்தா என்னும் உரோமானியர் கோட்டை உள்ளது. அங்கே ஈரமும் காற்றின்மையும் சேர்ந்த மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான தோல் பொருள்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் கெடாமல் கிடந்தன. அவற்றுள் காலணிகளே மிகுதி. ஆட்டுத்தோல் கூடாரங்களின் துண்டுகளும் கிடைத்தன. 1545ஆம் ஆண்டு கடலில் மூழ்கி, 1982ஆம் ஆண்டு மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலிலும் தோல் பொருள்கள் பல கிடைத்தன.

இத்தகைய இடங்களில் தோல் எஞ்சினாலும் தைத்த நூல் பெரும்பாலும் மக்கிப்போய்விடும். ஆனால் நூல் சென்ற துளைகள் தோலில் அப்படியே இருக்கும். ஒரு விரற்கடைக்கு எத்தனை துளைகள், அவை தோலின் குறுக்கே முழுவதும் ஊடுருவுகின்றனவா அல்லது ஓரத்தின் வழியே வெளியேறுகின்றனவா, எந்தப் பக்கம் நூல் அழுத்திய தடம் உள்ளது என்பனவற்றை உருப்பெருக்கியால் நோக்குவர். அதிலிருந்து தைத்தவர் எம்முறையைக் கையாண்டார் என்பதை உய்த்துணர்வர். பிறகு அதே வகைத் தோலை எடுத்து அதே துளைக்கணக்கில் தாமும் தைத்துப் பார்ப்பர். செய்து பார்க்கும்போதுதான் சில ஐயங்கள் நீங்குகின்றன. ஓரிடத்தில் மட்டும் இரட்டைத் தோல் வைத்தது ஏன் என்று பார்த்து விளங்காதது, பையில் சுமையை ஏற்றித் தோளில் மாட்டியவுடன் விளங்கிவிடும்.

இடைவார் செய்தல்

தோல் வேலை கற்பவர் முதலில் செய்வது இடைவார். பார்வைக்கு எளிய நீண்ட பட்டைதான். ஆயினும் தோலின் எப்பகுதியிலிருந்து வெட்டுகிறோம் என்பதே அதன் ஆயுளை முடிவுசெய்கிறது. மாட்டுத்தோலில் முதுகுப் பகுதி இழை நெருக்கமும் உறுதியும் உடையது. வயிற்றுப் பகுதி தளர்வானது, இழுத்தால் நீள்வது. ஆகவே 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலில் முதுகெலும்பின் போக்கை ஒட்டியே வார் வெட்டுவர். வயிற்றுப் பகுதியில் வெட்டிய வார் சில திங்களில் நெளிந்துவிடும்.

அடுத்து அளவு. இடுப்பளவு 70 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். பக்கிள் என்று நாம் வழங்கும் கொளுக்கியை மாட்டும் மடிப்பிலிருந்து நடுத்துளை வரையுள்ள தொலைவே இடுப்பளவு. மொத்தம் ஐந்து துளைகள். இரண்டு துளைகளுக்கு இடையே 2.5 சென்டிமீட்டர். நடுத்துளைக்கு அப்பால் இரு துளைகளுக்கு 5 சென்டிமீட்டரும், முனைக்கு 10 சென்டிமீட்டரும், கொளுக்கியைச் சுற்றி மடித்துத் தைக்க 6 சென்டிமீட்டரும் சேர்த்தால் 91 சென்டிமீட்டர் நீள வார் தேவை. நடுத்துளை இன்றைக்கு உரியது. மற்ற நான்கும், உடுத்துபவர் இளைத்தாலும் பருத்தாலும் வார் வீணாகாதிருக்க வைத்தவை.

வெட்டிய வாரின் கூர்மையான விளிம்புகளைச் சீவி உருட்சியாக்குவர். பின் விளிம்பை நீரால் ஈரமாக்கி மழமழப்பான மரக்கட்டையாலோ கொம்பாலோ விரைந்து தேய்ப்பர். தேய்ப்பால் எழும் வெம்மையில் தளர்ந்த இழைகள் ஒன்றோடொன்று படிந்து விளிம்பு கண்ணாடிபோல் மின்னும். இறுதியாகத் தேன்மெழுகு பூசுவர். இவ்வாறு தேய்த்த விளிம்புக்குள் நீர் எளிதில் புகாது. பட்டைநீரில் பதனிட்ட தோலே இப்படி மெருகேறும்; குரோமியத்தில் பதனிட்ட மென்தோல் இந்த அளவுக்கு இணங்காது.

இரட்டை ஊசித் தையல்

பைக்கு 2 மில்லிமீட்டர் அளவுள்ள தோல் போதும். முன்பக்கம் ஒரு துண்டு. பின்பக்கமும் அதை மூடும் மடலும் சேர்ந்து ஒரு துண்டு. இரண்டையும் இணைக்கும் பக்கப்பட்டை ஒரு துண்டு. முதலில் தாளில் வரைந்து வெட்டி, தாளையே மடித்துப் பார்த்துப் பிழை திருத்துவர். தாளில் செய்த பிழையைத் திருத்தலாம். தோலில் விழுந்த வெட்டைத் திருத்த முடியாது.

விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே ஒரு மெல்லிய கோட்டுப்பள்ளம் கீறுவர். தையல் அப்பள்ளத்தில் அமர்ந்தால் உராய்வு குறையும். பள்ளத்தின்மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி குறித்துக் குத்தூசியால் துளையிடுவர். 20 சென்டிமீட்டர் நீளத் தையலுக்கு 50 தையற்கண்கள் அமையும். அதற்கு 51 துளைகள் வேண்டும். நூல் தையலின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு, அதாவது 80 சென்டிமீட்டர் எடுப்பர். அந்த நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் பலமுறை இழுத்து மெழுகேற்றுவர்.

இனித் தையல். ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோப்பர். முதல் துளையில் நூலை நுழைத்து இருபுறமும் சம நீளமாக்குவர். அடுத்த ஒவ்வொரு துளையிலும் வலப்புற ஊசி இடப்புறம் வரும். இடப்புற ஊசி அதே துளை வழியே வலப்புறம் செல்லும். பிறகு இரு கைகளாலும் ஒரே அளவு விசையுடன் இழுத்து இறுக்குவர். சேணம் தைப்பவர்கள் இம்முறையையே கையாண்டதால் இது சேணத் தையல் எனப்படுகிறது.

தையல் எந்திரம் இவ்வாறு தைப்பதில்லை. அதில் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. இரண்டும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொக்கிபோல் கவ்வி நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் கவ்வுதல் தளர்ந்து அண்டையிலுள்ள தையல்களும் வரிசையாகப் பிரியத் தொடங்கும். சேணத் தையலிலோ ஒவ்வொரு துளையையும் நூல் இருமுறை கடக்கிறது. ஒரு பக்கத்து நூல் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொண்டிருக்கும். மெழுகும் நூலை நழுவவிடாது. எந்திரம் ஒரு நிமிடத்தில் தைப்பதைக் கை ஒரு மணி நேரத்தில் தைக்கக்கூடும். ஆனால் கையால் தைத்தது அறுந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துத் தைத்தாலே போதும்.

சாந்திநிகேதனுக்குச் சென்ற தோல்

மேற்கு வங்காளத்தில் வாழும் மாணவர்கள் சாந்திநிகேதன் தோற்பைகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணங்களில் பூக்களும் கொடிகளும் புடைத்து நிற்கும் பைகள் அவை. 1922ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூர், சாந்திநிகேதனுக்கு அருகில் ஸ்ரீநிகேதன் என்னும் ஊரக வளர்ச்சி மையத்தைத் தொடங்கினார். சுற்றியிருந்த சிற்றூர் மக்கள் கைத்தொழில் கற்று வாழவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கவிஞரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் அங்கே தோற்கலையை வளர்த்தனர்.

அவர்களுடைய முறை இது: தோலை ஈரப்பஞ்சால் ஒற்றி நனைப்பர். வரைந்த கோலத்தைத் தாளோடு அதன்மேல் வைத்து மழுங்கிய முனையுள்ள கருவியால் கோடுகளை அழுத்துவர். பின் தாளை எடுத்துவிட்டு உருவங்களைச் சுற்றியுள்ள பகுதியை அமுக்குவர், உருவம் மேலெழும். காய்ந்தபின் அப்படியே நிலைத்துவிடும். அதன்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, ஓரங்களை மெல்லிய தோலிழையால் பின்னி இணைப்பர். வங்காளப் பெண்கள் தரையில் இடும் ஆல்பனா கோலத்தின் சாயலை இப்பைகளில் காணலாம்.

ஈரத்தில் அழுத்தியது காய்ந்தபின் நிலைப்பதற்குத் தோல் பட்டைநீரில் பதனிட்டதாக இருக்க வேண்டும். இதற்குப் பயன்படுவது ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று வணிகர்கள் பெயரிட்டழைக்கும் ஆட்டுத்தோல். அவ்வகைத் தோலுக்குப் பெயர்பெற்றது தமிழ்நாடு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட இத்தோல் ஆங்கிலேயர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. இன்று கிழக்கிந்தியத் தோலும், சாந்திநிகேதன் தோல் பொருள்களும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றுள்ளன. தெற்கே பதனிடும் கலையும் கிழக்கே ஓவியக் கலையும் ஒரே பையில் சந்திக்கின்றன.

ஜவாஜாவின் வார்ப்பின்னல்

ராஜஸ்தானில் அஜ்மீர் நகருக்குத் தென்மேற்கே ஜவாஜா என்னும் வறண்ட பகுதி உள்ளது. அங்குள்ள தோல் தொழிலாளர்கள் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் தோற்பைகளையும் காலணிகளையும் செய்து வாழ்ந்துவந்தனர். இரும்பு வாளியும் மின்பொறியும் வந்தபின் நீரிறைக்கும் தோற்பைக்குத் தேவை இல்லாமற்போயிற்று. நம் கொங்கு நாட்டில் மாடு பூட்டி நீர் இறைத்த கவலையும் அதன் தோற்குழாயும் மறைந்தது போன்றதே இதுவும்.

அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநராக இருந்தவர் ரவி மத்தாய். அவர் 1975ஆம் ஆண்டு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தாருடன் சேர்ந்து ஜவாஜாவுக்குச் சென்றார். ‘இம்மக்களுக்கு என்ன கொடுக்கலாம்’ என்று அவர்கள் தொடங்கவில்லை. ‘இம்மக்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது’ என்று பார்த்தனர். பட்டையில் பதனிடும் அறிவும், தோல்வாரையே நூலாகக் கொண்டு கோத்துப் பின்னும் திறமும் அங்கே இருந்தன. அவற்றையே கொண்டு நகரத்தார் பயன்படுத்தத்தக்க தோள்பைகளும் இடைவார்களும் வடிவமைக்கப்பட்டன.

அப்பைகளின் இணைப்புகளில் நூலுக்கு மாற்றாகத் தோல்வாரே ஓடுகிறது. ஒரு துண்டில் வெட்டிய கீற்றுக்குள் மற்றொரு துண்டின் வார் நுழைந்து தன்னையே பூட்டிக்கொள்கிறது. விலைமிகுந்த எந்திரம் வேண்டாம். ஊரில் கிடைக்காத பொருளும் வேண்டாம். ஓர் இணைப்புத் தேய்ந்தால் அந்த வாரை மட்டும் மாற்றலாம். நெசவாளர்களும் தோல் தொழிலாளர்களும் தாங்களே கணக்குப் பார்க்கவும், விலை பேசவும், விற்கவும் கற்று, தமக்கெனக் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டனர்.

தொட்ட கைகளும் தள்ளிய ஊரும்

தோல் வேலையின் நுட்பங்களைப் பார்த்தோம். அதைச் செய்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதையும் நாம் அறியவேண்டும்.

உழவுக்கும் நீர் இறைப்பதற்கும் வழிநடைக்கும் இசைக்கும் தோல் வேண்டியிருந்தது. ஆனால் இறந்த மாட்டை அகற்றித் தோலுரித்துப் பதனிட்டவர்களை ஊர் தீண்டாதவர் என்று ஒதுக்கியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாறு வருகிறது. கோயில்களின் முரசுகளுக்குப் போர்க்கும் தோலையும், இழுத்துக் கட்டும் வார்களையும், யாழுக்கும் வீணைக்கும் வேண்டிய நரம்புகளையும் அவர் அளித்தார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கிற்று. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். காசியில் வாழ்ந்த ரவிதாசர் தோல் வேலை செய்துகொண்டே பாடல்கள் இயற்றினார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பது அவர் கொள்கை. அவருடைய பாடல்கள் சீக்கியரின் புனித நூலாகிய குரு கிரந்த சாகிபில் இடம்பெற்றுள்ளன.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம். எனினும் சட்டம் ஒழித்ததை மனம் இன்னும் முழுமையாக ஒழிக்கவில்லை. பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் கைத்தையல் பையை வியந்து வாங்குபவர், அதே தையலைத் தெருவோரத்தில் இருந்து செய்பவரைப் பெயர் கேட்டும் அறிவதில்லை. தொழிலைப் புகழ்ந்துவிட்டுத் தொழிலாளியை மதியாதிருப்பது முறையாகாது.

நம் தெருமுனையில்

மாணவர்களே, நீங்கள் தில்லியிலோ, போபாலிலோ, புணேயிலோ வாழலாம். உங்கள் தெருமுனையில் குடை நிழலில் அமர்ந்து காலணி தைப்பவர் ஒருவர் இருப்பார். இந்தியில் அவரை மோச்சி என்கின்றனர். பழந்தமிழில் அவருக்குச் செம்மான் என்று பெயர். அடுத்தமுறை உங்கள் பையின் பட்டை பிரிந்தால் அதை அவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் கையிலுள்ள குத்தூசியைப் பாருங்கள்; எலும்புக்கு மாற்றாக இரும்பு வந்துள்ளது. மற்றபடி ஓட்சியின் பையில் இருந்த அதே கருவிதான். அவர் நூலில் மெழுகேற்றும்போதும், துளையிட்டு நூலை இழுத்து இறுக்கும்போதும் நீங்கள் இப்பாடத்தில் படித்ததைக் கண்ணால் காண்பீர்கள். வேலை முடிந்ததும் கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுத்து, வணக்கமும் நன்றியும் சொல்லி வாருங்கள்.

சொல்லும் பொருளும்

பதனிடுதல் – கெடாதபடி பக்குவம் செய்தல்
இடைவார் – இடுப்பில் கட்டும் தோற்பட்டை
குத்தூசி – தோலில் துளையிடும் கருவி
கொளுக்கி – வாரின் முனையைப் பூட்டும் உறுப்பு
உய்த்துணர்தல் – குறிப்புகளைக் கொண்டு அறிதல்
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
கவலை – மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பு

சரியான சொல்லால் நிரப்புக

1. ஓட்சியின் இடைவார் ____________ தோலால் ஆனது.
2. மரப்பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளின் பெயர் ____________.
3. ஸ்ரீநிகேதன் தொடங்கப்பட்ட ஆண்டு ____________.
4. தீண்டாமையை ஒழித்தது அரசமைப்புச் சட்டத்தின் ____________ ஆம் பிரிவு.

பிரித்து எழுதுக

தோற்பை, குத்தூசி, பட்டைநீர், தேன்மெழுகு

ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. பழங்காலத்தில் பையை இடைவாரோடு இணைத்தது ஏன்?
2. வாரை முதுகுப் பகுதித் தோலில் வெட்டுவதன் காரணம் என்ன?
3. மண்ணுள் கிடைத்த தோலில் நூல் இல்லாதபோதும் தையல் முறையை எவ்வாறு அறிகின்றனர்?
4. இடுப்பளவு 64 சென்டிமீட்டர் உடையவருக்கு எவ்வளவு நீள வார் வேண்டும்? பாடத்தில் உள்ளபடி கணக்கிடுக.

சிந்தித்து விரிவாக எழுதுக

1. சேணத் தையலையும் எந்திரத் தையலையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. ‘தொழிலைப் புகழ்ந்துவிட்டுத் தொழிலாளியை மதியாதிருப்பது முறையாகாது.’ நீங்கள் கண்ட நிகழ்வு ஒன்றைக் கொண்டு இக்கருத்தை விளக்குக.

செய்து பார்ப்போம்

உங்கள் பகுதியில் காலணி தைக்கும் ஒருவரிடம் அவருடைய இசைவு பெற்று உரையாடுங்கள். அவர் பயன்படுத்தும் ஐந்து கருவிகளுக்கு அவர் மொழியில் என்ன பெயர் என்று கேட்டு எழுதுங்கள். அவற்றுக்குரிய தமிழ்ப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் தொலைபேசியில் கேட்டறிந்து, இரண்டையும் அட்டவணைப்படுத்தி வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.